தீவு ஓட்டலா, தேக்கா லாட்ஜா? சிங்கப்பூர் கிளம்பும் குடும்பங்களின் தலைவலி!

சென்னை —

விமான டிக்கெட் எடுத்தாச்சு. விசாவும் வந்தாச்சு. பெட்டி கட்டும் வேலையும் பாதி முடிந்தாச்சு. ஆனாலும் வீட்டில் சண்டை ஓயவில்லை!

எதற்குச் சண்டை? எங்கே தங்குவது என்பதற்குத்தான்.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் முன்பெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் பேச்சு எழும். இப்போது நாலு காசு சேர்த்து வைத்த குமாஸ்தா வீட்டிலும் "சிங்கப்பூர் போனா என்ன?" என்ற கேள்வி வந்துவிட்டது. மீனம்பாக்கத்தில் ஏறினால் நாலு மணி நேரப் பயணம். இறங்கினால் ரெயில் நிலையத்திலேயே தமிழ் எழுத்து. பயப்பட ஒன்றும் இல்லை.

பெரியவர்களுக்கு அங்கே பார்க்க ஆயிரம் இருக்கலாம். பிள்ளைகளைக் கேட்டால் ஒரே ஒரு பெயர்தான் சொல்லும். யுனிவர்சல் ஸ்டூடியோ!

2010-ல் திறந்த கேளிக்கைப் பூங்கா அது. தலைகீழாகச் சுழற்றும் ரோலர் கோஸ்டர், எகிப்து கல்லறை, டைனோசர் காடு என்று சினிமாவில் பார்த்ததையெல்லாம் கண்முன் நிறுத்தியிருக்கிறார்கள். இருப்பது செந்தோசா என்ற தீவில். ஊரின் தெற்கு ஓரத்தில், கடலுக்கு அந்தப் பக்கம்.

பூங்காவை ஒட்டியே பெரிய பெரிய ஓட்டல்கள். அறையிலிருந்து செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தால் பூங்கா வாசல். "அங்கேயே தங்கிடலாங்க, குழந்தைங்க சந்தோஷப்படும்" என்பது வீட்டு அம்மாவின் கட்சி.

"இந்தா பாரு, தேக்காவுல பாதி காசுக்கு ரூம் கிடைக்குது" என்பது அய்யாவின் கட்சி.

இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்குப் போடாமல் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பர்ஸ் காலி!

டிஸ்னி விட்ட கோட்டை

பூங்காவுக்குள்ளேயே தங்க வைக்கும் இந்த வியாபாரம் எப்படி வந்தது? அதுவே ஒரு சுவையான கதை.

அமெரிக்காவில் 1955-ம் ஆண்டு வால்ட் டிஸ்னி முதல் டிஸ்னிலாந்தைத் திறந்தார். சுமார் 160 ஏக்கர் நிலம். இருந்த பணம் முழுவதும் பூங்காவுக்கே போய்விட்டது. ஓட்டல் கட்டக் கையில் காசு இல்லை. டெலிவிஷன் படத் தயாரிப்பாளர் ஒருவரைப் பிடித்து, "பக்கத்தில் நீங்கள் கட்டுங்கள்" என்றார். அவரும் கட்டினார்.

பூங்கா பிய்த்துக்கொண்டு ஓடியது. சுற்றிலும் ஆரஞ்சுத் தோட்டம் இருந்த இடமெல்லாம் லாட்ஜ்கள் முளைத்தன. ஆள் கூட்டியவர் டிஸ்னி. அள்ளியவர்கள் அக்கம்பக்கத்து லாட்ஜ்காரர்கள்! கோயில் கட்டியவனைவிட வாசலில் தேங்காய்க்கடை வைத்தவன் பணக்காரன் ஆன கதைதான்.

டிஸ்னி விடுவாரா? அடுத்த பூங்காவுக்கு புளோரிடாவில் நிலம் தேடியபோது தன் பெயரையே வெளியில் சொல்லவில்லை. வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் சத்தம் போடாமல் வாங்கினார். 27 ஆயிரம் ஏக்கருக்கு மேல்! 1965-ல் ரகசியம் வெடித்ததும் அந்த வட்டாரத்தில் நில விலை எகிறியது. அதற்குள் அவருக்கு வேண்டியது கைக்கு வந்துவிட்டது. 1966-ல் அவர் காலமானார். 1971-ல் அந்தப் பூங்கா திறந்தபோது உள்ளேயே சொந்த ஓட்டல்கள் தயாராக நின்றன.

பூங்காவுக்கு வருகிறவனின் சாப்பாட்டுக் காசு, படுக்கைக் காசு எல்லாமே நமக்கே வரவேண்டும். இந்தப் பாடத்தைத்தான் உலகம் முழுவதும் பூங்காக்காரர்கள் படித்து வைத்திருக்கிறார்கள். செந்தோசாவிலும் அதே பாடம்தான்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அதைக் கவனிக்காமல் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

புளோரிடா பூங்கா ஒரு தனி ஊர். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகவே பஸ் வேண்டும். வெளியே தங்கினால் தினமும் காரில் அலைச்சல். அதனால் உள்ளே தங்குவதற்கு அங்கே ஓர் அர்த்தம் இருக்கிறது. நம்ம செந்தோசாவோ தீவு முழுவதையும் அளந்தாலே சுமார் 1,200 ஏக்கர்தான். பூங்கா அதில் ஒரு துண்டு, 50 ஏக்கர்கூட இல்லை. அதையும் ஊரையும் இணைக்க ரெயில் ஓடுகிறது. வெளிநாட்டு அண்ணன் "உள்ளேயே தங்கு" என்று போனில் சொல்லும் யோசனை அமெரிக்காவுக்குச் சரி. இந்தத் தீவுக்கு அப்படியே பொருந்தாது.

கால் மணி நேர ரெயில்

தேக்கா என்றால் தெரியாதவர்கள் கடைத்தெருவில் கிடையாது. மண்ணடி, பர்மா பஜார் வியாபாரிகள் வாயில் நுழைந்து புறப்பட்ட பெயர். லிட்டில் இந்தியா என்று போர்டில் எழுதியிருக்கும். சிராங்கூன் ரோடு, வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா கடை, பூக்கடை, மல்லிகை வாசனை. மெட்ராஸைத் தூக்கி வைத்தது போல இருக்கும். ஒரே வித்தியாசம், குப்பை இல்லை.

விமான நிலையத்திலிருந்து ரெயிலில் வருகிறவர்கள் எக்ஸ்போ நிலையத்தில் ஒருமுறை வண்டி மாறினால் போதும். நேராக லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கலாம்.

அதே லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்துதான் ஹார்பர்பிரண்டுக்கும் ரெயில் போகிறது. ஊதா நிறப் பாதை. வண்டி மாற வேண்டியதில்லை. எண்ணிக்கொண்டே போனால் ஐந்தாவது நிலையம். கால் மணி நேரம்கூடப் பிடிக்காது. எழும்பூரில் ஏறி கிண்டியில் இறங்குவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஹார்பர்பிரண்ட் நிலையத்துக்கு மேலேயே விவோசிட்டி என்ற பெரிய கடை வளாகம். அதன் மாடியிலிருந்து தீவுக்கு மோனோ ரெயில். ஆளுக்கு 4 டாலர். திரும்பி வரும்போது காசு கிடையாது. அந்த 4 டாலரும் தர மனசில்லையா? வளாகத்தின் கடலோரமாக ஒரு நடைபாதை தீவுக்குப் போகிறது. கூரை போட்டது. நடந்து போனால் இலவசம்!

டாக்சியில் நேராகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தீவின் வாசலில் வண்டிக்கு வாங்கும் கட்டணமும் மீட்டரோடு சேர்ந்து உங்கள் தலையில்தான் விழும்.

இரண்டு கூட்டல் குறி

இனி ஓட்டல் பில்லுக்கு வருவோம். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

சிங்கப்பூரில் அறை வாடகைக்குப் பக்கத்தில் சில சமயம் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்துவிடக் கூடாது. முதல் கூட்டல் குறி சேவைக் கட்டணம், வழக்கமாக 10 சதவீதம். இரண்டாவது கூட்டல் குறி ஜி.எஸ்.டி. 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். அதுவும் எப்படி? சேவைக் கட்டணம் சேர்ந்த தொகை மேல் 9 சதவீதம்!

300 டாலர் என்று போட்ட அறை 330 ஆகி, பிறகு 359 டாலர் 70 காசு ஆகிவிடும். கவுண்டரில் நின்றுகொண்டு "300-னு தானே போட்டிருந்தீங்க?" என்று கேட்டால் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கூட்டல் குறியைக் காட்டுவாள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். அப்பா, அம்மா, பத்து வயசுப் பையன், நாலு வயசுப் பெண், கூடவே பாட்டி. ஐந்து பேர். நம்ம ஊர் லாட்ஜ் மாதிரி "ஒரு பாய் கொடுங்க, கீழே படுத்துக்கறோம்" என்ற பேச்சு அங்கே செல்லாது. அறைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. ஐந்து பேர் என்றால் பெரும்பாலும் இரண்டு அறை எடுக்கத்தான் வேண்டும்.

தீவில் அறை 300, தேக்காவில் 150 என்று கணக்குக்காக வைத்துக் கொள்வோம். சீசனுக்குச் சீசன் விலை ஏறும், இறங்கும். கூட்டல் குறிகளையும் சேர்த்தால் தீவில் இரண்டு அறைக்கு ஓர் இரவு 719 டாலர் 40 காசு. தேக்காவில் 359 டாலர் 70 காசு. வித்தியாசம் சரியாக 359 டாலர் 70 காசு. ஓர் இரவுக்கு!

ரெயில் செலவு? ஆளுக்கு ஒரு தடவைக்கு 2 டாலர் என்று தாராளமாகப் போட்டாலும் ஐந்து பேர் போய்வர 20. மோனோ ரெயில் 20. ஆக 40 டாலர். மூன்று இரவு தங்கினால் ஆயிரம் டாலருக்கு மேல் கையில் மிஞ்சும். அன்றைய ரூபாய் விலையில் பெருக்கிப் பார்த்தால் அய்யாவுக்கு மயக்கமே வந்துவிடும். பையனின் அடுத்த வருஷ ஸ்கூல் பீஸில் ஒரு பங்கு அது!

அம்மா கட்சியின் நியாயம்

அப்படியானால் அய்யா கட்சிக்கே வெற்றியா? பொறுங்கள்.

பூங்காவில் நாலு வயசுப் பெண்ணுக்கு என்ன வேலை? பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். வாசலிலேயே அளவுகோல் வைத்து நிற்க வைப்பார்கள். அண்ணன் ஏறுவான். தங்கச்சி ஏற முடியாது. பாட்டிக்கும் அதில் ஏற ஆசை இருக்காது. ஆக, அண்ணனும் அப்பாவும் கியூவில் நிற்கும் நேரம் முழுவதும் மற்ற மூன்று பேரும் நிழல் தேடி உட்கார வேண்டியதுதான்.

வெயிலோ, சொல்ல வேண்டாம். சித்திரை, வைகாசி என்ற வித்தியாசமே இல்லாத ஊர். வருஷம் முழுவதும் புழுக்கம். மத்தியானம் ஆனால் திடீரென்று இடி இடித்து மழை கொட்டும். மின்னல் தெரிந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்தி விடுவார்கள். இரண்டு மணிக்கு மேல் குழந்தை தூக்கத்துக்கு அழ ஆரம்பிக்கும். பாட்டிக்கு முழங்கால் வலி.

அந்த நேரத்தில் ஐந்து நிமிஷ நடையில் ஓர் அறை இருந்தால்? ஒரு குட்டித் தூக்கம். ஒரு குளியல். மாலையில் மறுபடி பூங்கா. வெளியே வரும்போதே, "திரும்ப உள்ளே விடுவீங்களா? முத்திரை குத்தணுமா?" என்று வாசலில் கேட்டுக்கொண்டு வரவேண்டும். மறந்தால் வம்பு.

தேக்காவில் தங்கியவர்களுக்கு இந்த வசதி இல்லை. கால் மணி நேர ரெயில்தான் என்றாலும், அதற்கு முன்னும் பின்னும் நடை, எஸ்கலேட்டர், மோனோ ரெயில் கியூ எல்லாம் உண்டே. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வருவது நடக்கிற காரியமில்லை. போனால் போனதுதான்.

ஆகவே பிள்ளைகள் எட்டு, பத்து வயசுக்கு மேலே, எல்லோருக்கும் கால் திடம் என்றால் தீவு ஓட்டல் வெறும் ஆடம்பரம். கைக்குழந்தையோ, கோல் ஊன்றும் பெரியவரோ கூட இருந்தால் அது ஆடம்பரம் இல்லை.

காலை ஆறு மணித் திண்டாட்டம்

இன்னொரு சங்கதி. சென்னையிலிருந்து பல விமானங்கள் ராத்திரியில் கிளம்புகின்றன. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். பதினொரு மணி, பன்னிரண்டு மணிக்கு ஏறினால் காலை ஆறு, ஏழு மணிக்குச் சிங்கப்பூர்.

ஓட்டலில் அறை எப்போது கொடுப்பார்கள்? மத்தியானம் இரண்டு அல்லது மூன்று மணிக்கு!

தீவில் பெரிய அறைக்குக் காசு கட்டிவிட்டு, தூக்கம் இல்லாத கண்ணோடு எட்டு மணி நேரம் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் உண்டு. கிளம்பும் நாளிலும் அதே கதை. பதினொரு மணிக்கு அறையைக் காலி செய். விமானம் ராத்திரிக்கு. வருகிற நாளும் போகிற நாளும் தீவில் தங்குவதைப் போல வீண்செலவு வேறு இல்லை. அந்த இரண்டு நாளும் தேக்காவில் இருந்தால் பெட்டியை லாட்ஜ் கவுண்டரில் போட்டுவிட்டு, இட்லி சாப்பிட்டு, முஸ்தபாவில் சாமான் வாங்கப் போகலாம். பொழுது தானே போகும்.

விவரம் தெரிந்த ஆசாமிகள் இப்படிச் செய்கிறார்கள். இரண்டு இரவு தேக்கா. நடுவில் ஒரே ஓர் இரவு தீவு. அதுவும் பூங்காவுக்குப் போகும் அன்றைய இரவு! காலையில் பெட்டியோடு தீவுக்குப் போவது. ஓட்டல் கவுண்டரில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, பூங்கா திறக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்பது. மூன்று மணிக்குக் குழந்தை சோர்ந்து விழும்போது அறை தயார். மறுநாள் காலையில் கடற்கரையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பதினொரு மணிக்குக் காலி செய்வது. தீவுக்குள் பஸ்ஸும் மோனோ ரெயிலும் இலவசம்.

பூங்காவுக்கு முந்தின இரவே போய்த் தங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நடுப்பகல் ஓய்வு கிடைக்காது. பூங்கா நாளன்று காலையிலேயே அறையைக் காலி செய்ய வேண்டியிருக்குமே. அதே காசு, பாதி சுகம்.

சாப்பாடு, ஜன்னல், ஞாயிற்றுக்கிழமை

"எனக்கு ரெண்டு இட்லி கிடைச்சாப் போதும்டா" என்று பாட்டி சொல்வாள். அந்த இரண்டு இட்லி தேக்காவில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும். 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் அங்கேதான். தீவில் சைவச் சாப்பாடு தேடி அலைய வேண்டும். கிடைத்தாலும் விலை காரம்.

தேக்காவிலும் எல்லாம் ஜோர் என்று சொல்லிவிட முடியாது. மலிவு அறைகளில் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது! நாலு சுவர், ஒரு ஏ.சி., அவ்வளவுதான். பெட்டியைத் திறந்தால் கட்டிலில் ஏறித்தான் நிற்க வேண்டும். "ஜன்னல் உண்டா?" என்று முன்பதிவுக்கு முன்பே பார்த்துக் கொள்வது நல்லது. சிலருக்கு ஜன்னல் இல்லாத அறையில் மூச்சு முட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா தனி உலகம். வாரம் முழுவதும் கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை பார்த்த நம்ம ஊர்ப் பிள்ளைகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் ஒன்றுகூடும் நாள். புதுக்கோட்டைக்காரரும் சிவகங்கைக்காரரும் புல்தரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பும் கடைகளில் கியூ. பார்க்க மனசு நிறையும். ஆனால் அன்று பெட்டி படுக்கையோடு டாக்சி பிடிக்க நினைத்தால் திண்டாட்டம்தான். சத்தத்தில் தூக்கம் வராதவர்கள் ஞாயிறு இரவைத் தீவுக்கு ஒதுக்கலாம். சனி, ஞாயிறு தீவில் வாடகை ஏறியிருக்கும் என்பதையும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

வீடு பிடிக்கிறேன் பேர்வழி

"ஓட்டலே வேண்டாம், நாலு நாளைக்கு ஒரு பிளாட் வாடகைக்குப் பிடிச்சுட்டேன், பாதிக் காசு" என்று மார்தட்டும் கில்லாடிகளும் இருக்கிறார்கள். இவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்கள்.

சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்ட விரோதம். அரசு கட்டிய வீடு என்றால் ஆறு மாதம். நாலு நாள் வாடகை என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் கொடுத்தால் போதும், குடும்பத்தோடு நடுத்தெரு. கொடுத்த அட்வான்சைத் திருப்பிக் கேட்க ஆள் இருக்காது. சொந்தக்காரர் வீட்டில் விருந்தாளியாக இருப்பது வேறு விஷயம். அதற்குத் தடை இல்லை.

ஓட்டல் முன்பதிவிலும் ஒரு கண் வேண்டும். "செந்தோசா அருகில்" என்று விளம்பரம் இருக்கும். அருகில் என்றால் தீவுக்குள் இல்லை! ஹார்பர்பிரண்ட் பக்கத்திலேயே இருந்தால் பரவாயில்லை, மோனோ ரெயில் நடை தூரம்தான். பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் இருந்தால் தேக்காவே மேல். படத்தைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

தீவு ஓட்டலோடு பூங்கா டிக்கெட்டையும் சேர்த்து ஒரே விலையில் விற்பதும் உண்டு. டிக்கெட் விலை தனியே எவ்வளவு, அறை விலை தனியே எவ்வளவு என்று காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். சில நாள் லாபம் இருக்கும். சில நாள் தனித்தனியே வாங்கினாலே மலிவு.

எங்கே தங்குவது என்று முடிவானதும் அந்த முகவரியைக் குறித்துக் கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இறங்குவதற்கு முன் மூன்று நாளைக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். தங்கும் இடத்தை அதில் கேட்பார்கள். அரசாங்கத்தின் பக்கத்தில் அதற்கு ஒரு காசு கிடையாது. "நாங்கள் நிரப்பித் தருகிறோம்" என்று பணம் பிடுங்கும் போலிப் பக்கங்கள் நிறைய உலவுகின்றன. கார்டு நம்பரைக் கேட்டால் அது போலி என்று வைத்துக் கொள்ளலாம்.